குலசேகரத்து ஜீப்பும் குறைக்கப்பட்ட பிளைவீலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இடவப்பாதி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், குமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்கு வடக்கே சொந்தமாக ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் தம்முடைய பழைய பெட்ரோல் ஜீப்பை என்னிடம் காட்டுவதற்காகக் கொண்டுவந்தார். “சாரே, வண்டி இப்பம் ஏத்தம் கேற மாட்டேங்கு, நிரப்புல பறக்கு” என்பதே அவர் சொன்ன முழுப் புகார் (நிரப்பு என்றால் சமதளம்). அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே கோளாறும் அதன் காரணமும் அடங்கியிருந்தன என்பது எனக்கு விளங்க மூன்று வாரம் பிடித்தது. பாலிடெக்னிக்கில் நெடுங்காலம் வாகனப் பொறியியல் நடத்தியவன் இதை ஒப்புக்கொள்வதில் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தவறிய ஊகங்களை மறைத்துவிட்டு, கடைசியில் கிடைத்த விடையை மட்டும் எழுதினால், இதே போன்ற வண்டியோடு தடுமாறும் வேறொருவருக்கு இந்தக் குறிப்பு உதவாது.

வண்டியும் அது ஓடும் பாதையும்

வண்டி எழுபதுகளில் பதிவான மகிந்திரா சிஜே 3பி. வில்லிஸ் நிறுவனம் அமெரிக்காவில் 1953இல் வெளியிட்ட அதே வடிவம் இந்தியாவில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து தயாரானது. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் அமைந்திருக்கும். அதனால் எஞ்சின் உயரமாகிவிட, அதை மூடுவதற்காகவே இந்த ஜீப்பின் பானட் முந்தைய ஜீப்புகளைக் காட்டிலும் தூக்கலாக வைக்கப்பட்டது. கொள்ளளவு ஏறக்குறைய 2,200 சிசி. போர் (சிலிண்டரின் விட்டம்) 79.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 111.1 மி.மீ. என்ற அளவுகளைப் பார்த்தாலே இது எப்படிப்பட்ட எஞ்சின் என்று தெரிந்துவிடும். நீண்ட ஸ்ட்ரோக், ஏழுக்கும் குறைவான கம்ப்ரஷன் விகிதம், நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும் முறுக்குவிசை. மெதுவாகச் சுற்றிக்கொண்டு பாரம் இழுப்பதற்கென்றே பிறந்த எஞ்சின் இது. நம் மாவட்டத்தின் மலையோரத் தோட்டங்களில் ஓடிய இத்தகைய ஜீப்புகளில் பலவற்றுக்கு, பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல், பின்னாளில் டீசல் எஞ்சின் ஏற்றிவிட்டார்கள். இந்த வண்டி மட்டும் தகப்பனார் வாங்கிய படியே, அதே எஞ்சினோடு, மகனுடைய கைக்கு வந்திருக்கிறது.

தார்ச்சாலையிலிருந்து அவருடைய ஷீட் அடிக்கும் கொட்டகை வரை செல்வது செம்மண்ணும் சரளையும் கலந்த சொந்தப் பாதை. அதன் செங்குத்தான பகுதியில் ஆறு அடி போவதற்குள் ஓர் அடி உயர்கிறது. அந்த ஏற்றத்தின் நடுவில் ஒரு குறுகிய திருப்பம் உண்டு. ஒரே மடக்கில் திரும்ப முடியாது. நிறுத்தி, சற்றுப் பின்வாங்கி, மறுபடி எடுக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக அந்த இடத்தில் நின்று எடுத்துப் பழகிய வண்டி, இப்போது அங்கே கிளட்சை விட்டவுடன் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடுகிறது. ஆக்ஸிலேட்டரைக் கூட்டி எடுத்தாலோ சக்கரம் வழுக்குகிறது, அல்லது கிளட்ச் தீய்ந்த வாசம் வருகிறது.

மூன்று வாரம் வீணான விதம்

ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் தானாக ஓடும் ஐடிலிங்கில் அது சீராக நிற்கவில்லை, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எந்த மெக்கானிக்கும் இதைக் கண்டவுடன், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைத்தான் பிடிப்பார். நானும் அதைத்தான் பிடித்தேன். தக்கலைப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் என் பழைய மாணவர் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளைச் சுத்தம் செய்து, மிதவை மட்டம் வைத்து மாட்டினார். பலன் இல்லை. மேனிபோல்டு கேஸ்கட்டில் காற்றுக் கசிவு இருக்கலாம் என்று அதையும் மாற்றினோம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட், கண்டன்சர், டைமிங், டேப்பட் இடைவெளி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாயிற்று. கம்ப்ரஷன் நான்கு சிலிண்டருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. வேறு வழி தெரியாமல் ஐடிலிங்கை நிமிடத்துக்கு 900 சுற்று வரை கூட்டி அனுப்பினோம். அணைவது குறைந்தது, கிளட்ச் வாசம் கூடியது. நோயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியது தவிர நாங்கள் எதையும் செய்யவில்லை.

கவனித்திருக்க வேண்டிய அடையாளம் முதல் நாளே கண்முன் இருந்தது. நிறுத்தி வைத்த வண்டியில் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் எஞ்சின் சட்டென்று சீறி எழுந்தது. காலை எடுத்தவுடன் அதே வேகத்தில் விழுந்தது. இந்த எஞ்சினின் இயல்பு அது அன்று. கால் எடுத்த பிறகும் ஓரிரு நொடி இழுத்துக்கொண்டே இறங்கும் பழக்கம் உடையது இது. ‘நல்ல பிக்கப்பாக இருக்கிறதே’ என்று நானே பாராட்டியதை நினைத்தால் இப்போது சிரிப்பாக வருகிறது. எரிபொருளிலோ பொறியிலோ குறை இருந்தால் எழுச்சி மந்தமாக இருக்குமே தவிர, இப்படிக் கூர்மையாக இருக்காது. எழுவதும் விழுவதும் ஒருசேர வேகமானால், எஞ்சினோடு சுற்றும் பொருள் எதுவோ இலேசாகியிருக்கிறது என்பதுதான் பொருள்.

மூன்றாம் முறை வண்டி வந்தபோது கிளட்ச் பிளேட்டைப் பார்ப்பதற்காகக் கியர்பாக்ஸை இறக்கினோம். உரிமையாளரோடு வந்திருந்த இளைஞன், கிளட்சை ஒட்டி எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த வட்டான பிளைவீலைக் காட்டி, “அதத்தான் சார் போன மாசி மாசம் லேத்துல கொடுத்து வெட்டினோம்” என்றான். உரிமையாளர் அவனை முறைத்துப் பார்த்தார். பந்தயக் கார்களில் பிளைவீலின் எடையைக் குறைப்பதைக் கைபேசியில் பார்த்து, நான்குவழிச் சாலையில் ஆரல்வாய்மொழி வரை போய்வரும்போது வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்று செய்த வேலையாம். ஒரு லேத் பட்டறையில் எந்த அளவும் குறிக்காமல், ‘முடிந்த மட்டும் குறைத்துக் கொடுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களும் முடிந்த மட்டும் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

உத்தரத்தில் தொங்கிய இரண்டு வட்டுகள்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அசல் பிளைவீல் வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடந்த, பிளாக் வெடித்துப்போன இதே வகை எஞ்சினிலிருந்து ஒன்று கிடைத்தது. இரண்டையும் ரப்பர் ஷீட் வாங்கும் கடையின் மின்னணுத் தராசில் வைத்தோம். வித்தியாசம் மூன்றரைக் கிலோ.

எடை தெரிந்துவிட்டது என்பதற்காகக் கதை முடிந்துவிடாது. பிளைவீலைப் பொறுத்தவரை எடையைவிட, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே பெரிது. நம் பாடப்புத்தகங்கள் நிலைமத் திருப்புத்திறன் என்று சொல்லும் அந்த அளவு, எடையோடு நேராகவும் ஆரத்தின் வர்க்கத்தோடும் வளர்வது. கணக்குக்காக, 30 செ.மீ. விட்டமும் 13 கிலோ எடையும் உள்ள, எங்கும் ஒரே தடிப்பான வட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உண்மையான பிளைவீல் இவ்வளவு எளிய வடிவம் உடையதல்ல என்றாலும், விகிதங்களைப் புரிந்துகொள்ள இது போதும். அதன் நிலைமத் திருப்புத்திறன் 0.146 கிலோ சதுர மீட்டர். அதிலிருந்து மூன்றரைக் கிலோவை மையத்திலிருந்து 8 செ.மீ. தூரத்தில் எடுத்தால் அது ஏறத்தாழ 15 சதவீதம் குறையும். அதே மூன்றரைக் கிலோவை விளிம்பருகே, 13 செ.மீ. தூரத்தில் எடுத்தால் 40 சதவீதம் குறையும். வெட்டிய இரும்பு இரண்டிலும் ஒன்றுதான்; எஞ்சின் உணரும் மாற்றமோ இரண்டரை மடங்குக்கும் மேல்.

இந்த வட்டில் எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பது கண்ணால் பார்த்தே தெரிந்தது. எஞ்சின் பக்கத்து முகத்தில், விளிம்பைச் சுற்றியுள்ள பல்வளையமான ரிங் கியருக்கு உட்புறமாக, ஆழமான பள்ளமாகச் சுற்றிலும் எடுத்திருந்தார்கள். ஆனாலும் அளந்துவிடலாம் என்று கல்லூரிச் சோதனைக்கூடத்தில் மாணவர்களுக்குச் செய்துகாட்டிய முறை ஒன்றை நாடினேன். வட்டை மூன்று சம நீளக் கம்பிகளில் படுக்கைவாக்கில் தொங்கவிட்டு, சிறிது திருகிவிட்டால் அது முன்னும் பின்னும் திரும்பி ஆடும். ஆட்டத்தின் காலத்தை வர்க்கப்படுத்தி எடையால் பெருக்கினால் கிடைப்பது நிலைமத் திருப்புத்திறனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தோட்டத்துக் கொட்டகையின் உத்தரத்தில், கிளட்ச் கவர் போல்ட்டுத் துளைகளையே பிடிமானமாகக் கொண்டு, ஒன்றரை மீட்டர் கம்பியில் இரண்டையும் மாறி மாறித் தொங்கவிட்டோம். அசல் வட்டு 20 ஆட்டங்களுக்கு 43 நொடி எடுத்தது. வெட்டியது 39 நொடி. கணக்கிட்டால் குறைவு 40 சதவீதம். விளிம்பில் வெட்டியிருக்கிறார்கள் என்று கண் சொன்னதைக் கடிகாரமும் சொல்லிவிட்டது. இந்தச் சோதனைக்கு ஆன செலவு கட்டுக்கம்பியின் விலை மட்டுமே. பழைய வண்டிகளோடு பழகும் எவரும், வெட்டுவதற்கு முன்பும் பின்பும் இதைச் செய்து பார்க்கலாம் என்பதால்தான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

அந்த எடை என்ன வேலை செய்தது

ரப்பர் ஷீட் அடிக்கும் கை ரோலரைச் சுற்றியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கைப்பிடி மேலே வரும்போது கையின் பலம் ஒரு விதமாகவும் கீழே போகும்போது வேறு விதமாகவும் விழுகிறது. ஆனாலும் ரோலர் தடைப்படாமல் ஓடுகிறது என்றால், கனமான அந்தச் சக்கரம் பலம் மிகும்போது வாங்கிவைத்து, குறையும்போது திருப்பிக் கொடுக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் அரைச் சுற்றுச் சுற்றும்போது ஒரு சிலிண்டர் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 600 சுற்றில் அது நொடிக்கு 20 வெடிப்பு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நொடியில் இருபதில் ஒரு பங்கு. இந்த இடைவெளியில் அடுத்த சிலிண்டரின் கம்ப்ரஷனைத் தள்ளிக் கடத்துவது பிளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல்தான். ஒவ்வொரு வெடிப்பிலும் வேகம் சிறிது ஏறி, இடையில் சிறிது இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் நிலைமத் திருப்புத்திறனுக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், பிளைவீலின் பங்கு 40 சதவீதம் குறைந்தபோது ஏற்ற இறக்கம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. கிராங்க், கிளட்ச் ஆகியவற்றின் எடையும் உதவிக்கு வருவதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம்.

மேலும் அதே ஏற்ற இறக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கிறது. 2,000 சுற்றில் எவருக்கும் தெரியாத குறை, 600 சுற்றில் வண்டியை உலுக்குவது இதனால்தான். உறிஞ்சும் காற்றின் வேகம் அலைபாய்ந்தால் கார்புரேட்டரின் ஐடிலிங் துளையில் வரும் பெட்ரோலும் அலைபாயும். நாங்கள் கார்புரேட்டரைக் குற்றவாளியாகக் கண்டது முழுப் பொய்யும் அல்ல; ஆட்டம் அங்கே தெரிந்தது, ஆட்டுவித்தது வேறு.

இனி ஏற்றத்துக்கு வருவோம். இந்த வண்டியின் முதல் கியர் விகிதம் 2.8, பின் ஆக்ஸில் விகிதம் 5.38, இரண்டையும் பெருக்கினால் 15. ஆளும் பாரமுமாக 1,300 கிலோ என்று கொண்டால், ஆறுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் சீராக ஏறிக்கொண்டிருக்க, கியர்களில் விரயமாவதையும் சேர்த்து எஞ்சினிடமிருந்து சுமார் 58 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். இந்த எஞ்சினின் உச்சம் ஏறக்குறைய 154. ஆகவே ஓட்டம் பிடித்த பிறகு எஞ்சினுக்கு ஏற்றம் ஒரு பொருட்டே அல்ல. சிக்கல் முழுவதும் நின்ற இடத்திலிருந்து எடுக்கும் அந்த ஓரிரு நொடிகளில் இருக்கிறது. எஞ்சின் 800 சுற்றில் இருக்க கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வேளையில் வண்டி மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தை அடைந்திருக்க வேண்டும். அதற்குரிய இயக்க ஆற்றல் மட்டும் ஏறத்தாழ 2,470 ஜூல். ஓட்டுநர் எஞ்சினை 1,500 சுற்றுக்கு உயர்த்தி, கிளட்சை விடும்போது அது 800க்கு இறங்குகிறது என்றால், அசல் பிளைவீல் அந்த இறக்கத்தில் சுமார் 1,290 ஜூல் விடுவிக்கும். வெட்டியது 770 ஜூல்தான். தேவையில் பாதிக்குச் சமமானதைத் தந்துகொண்டிருந்த சேமிப்பு, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இதில் ஒரு பகுதி கிளட்சின் உராய்வில் சூடாகத் தொலையும் என்பதையும், ஏற்றத்தில் தூக்குவதற்குத் தனியாக ஆற்றல் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பற்றாக்குறை இன்னும் பெரிது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட ஓட்டுநர் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: எஞ்சினை மேலும் உயர்த்த வேண்டும், அல்லது கிளட்சை அதிக நேரம் வழுக்க விட வேண்டும். முதலாவது ஈரச் சரளையில் சக்கரத்தை வழுக்கவைக்கும். இரண்டாவது கிளட்ச் பிளேட்டை எரிக்கும். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார்.

உரிமையாளரின் இரண்டு வாதங்கள்

‘லோவில் போட்டால் ஏறுகிறதே’ என்றார் அவர். உண்மை. ஹை, லோ என்ற இரண்டு நிலைகளையும் நான்கு சக்கர ஓட்டத்தையும் தரும் துணைக் கியர்ப்பெட்டியான டிரான்ஸ்பர் கேஸின் லோ விகிதம் 2.46, அதில் வண்டியின் வேகம் அவ்வளவு மடங்கு குறைவதால், எடுக்கும்போது தேவைப்படும் இயக்க ஆற்றல் அதன் வர்க்கத்தின்படி ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி, சுமார் 410 ஜூலில் நின்றுவிடுகிறது. வெட்டிய பிளைவீலாலும் அதைத் தர முடியும். ஆனால் இந்த ஜீப்பில் நான்கு சக்கர ஓட்டத்தைச் சேர்க்காமல் லோவைப் போட முடியாது. மண்பாதையில் அதனால் கேடில்லை. தோட்டத்து வாசலில் உள்ள கான்கிரீட் ஏற்றத்தில் வளைந்து திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால், அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் டிபரன்ஷியல் நடுவில் இல்லாத இந்த அமைப்பு முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் இரண்டு முறை அப்படி முறுக்கினால் பிளைவீலில் மிச்சம் பிடித்ததை டிரான்ஸ்பர் கேஸுக்குக் கொடுக்க வேண்டிவரும்.

இரண்டாவது வாதம்தான் என்னைச் சற்று யோசிக்கவைத்தது. ‘நிரப்பில் வண்டி முன்னைவிட வேகமாக எழுகிறது, அதை நீங்களே ஓட்டிப் பாருங்கள்’ என்றார். ஓட்டிப் பார்த்தேன், முதல் கியரில் எழுச்சி இருந்தது. பிளைவீலை வேகப்படுத்துவதற்கும் எஞ்சின் உழைத்தாக வேண்டும். அந்த உழைப்பு வண்டியில் கூடுதல் பாரம் ஏற்றியதற்குச் சமம். அது எத்தனை கிலோவுக்குச் சமம் என்பது கியரைப் பொறுத்தது. நிலைமத் திருப்புத்திறனை மொத்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி, சக்கர ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். சக்கர ஆரம் 35 செ.மீ. என்று கொண்டு, வெட்டியதால் நீங்கிய பங்கைக் கணக்கிட்டால், முதல் கியரில் வண்டி 109 கிலோ இலேசானது போல நடந்துகொள்ளும். இரண்டாம் கியரில் 33 கிலோ. மூன்றாம் கியரில் 14 கிலோ. ஆரல்வாய்மொழி சாலையில் வண்டி முக்கால்வாசி நேரமும் ஓடுவது மூன்றாம் கியரில். ஸ்டெப்னிச் சக்கரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தால் இதைவிட அதிகப் பலன் கிடைத்திருக்கும். அதைவிட, முப்பந்தல் பக்கம் எதிர்க்காற்று வீசும்போது பெட்டி போன்ற அந்த முகப்போடு போகும் ஜீப்புக்கு, இந்த 14 கிலோ எந்தக் கணக்கிலும் வராது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் குறிப்பிட வேண்டும். பிளைவீலைக் குறைத்தால் ‘பவர் கூடும்’ என்று பட்டறைகளில் சொல்கிறார்கள். மாறாத வேகத்தில் ஓடும் எஞ்சின் தரும் திறனில் பிளைவீலுக்கு எந்தப் பங்கும் இல்லை. எவ்வளவு வாங்கியதோ அவ்வளவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். வேகம் மாறும்போது மட்டுமே அது குறுக்கே வரும், அல்லது கைகொடுக்கும். மலைப்பந்தயத்தில் கியரை நொடிக்கு நொடி மாற்றி, 4,000 சுற்றுக்கு மேலேயே எஞ்சினை வைத்திருப்பவனுக்குக் குறுக்கே வருவதாகத் தோன்றுவது, ஏற்றத்தில் நின்று எடுப்பவனுக்குக் கைகொடுப்பதாக இருக்கிறது. ஆகவே குறைப்பது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சினிலும் பத்மினியின் 1,089 சிசி எஞ்சினிலும் அளந்து, சிறிதளவு குறைத்து, நிம்மதியாக ஓட்டுபவர்கள் உண்டு. அவர்கள் ஓட்டும் சாலை வேறு. வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350இல் இந்த ஆசையே கூடாது. ஒற்றைச் சிலிண்டரில் இரண்டு முழுச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. 800 சுற்றில் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 150 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். கிராங்க் அறைக்குள் சுழலும் அந்த இரண்டு கனத்த வட்டுகள்தான் அவ்வளவு நேரமும் எஞ்சினைச் சுமக்கின்றன. புல்லட்டின் நிதானமான ஓசையை விரும்புபவர்கள் அந்த எடையைத்தான் விரும்புகிறார்கள்.

லேத்தில் நேர்ந்த வேறு தவறுகள்

எடை தவிர மூன்று குறைகள் அந்த வட்டில் இருந்தன. வெட்டிய பிறகு பேலன்ஸ் பார்க்கவில்லை. 13 செ.மீ. ஆரத்தில் 10 கிராம் ஒரு பக்கமாக மிகுந்திருந்தால், 4,000 சுற்றில் அது 23 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கிராங்கின் பின் பேரிங்கை இழுக்கும். அதுவும் சுற்றுக்கு ஒருமுறை. அடுத்து, கிளட்ச் பிளேட் உராயும் முகத்தையும் ‘பளபளப்புக்காக’ ஒரு சீவு சீவியிருந்தார்கள். அந்த முகத்தை இறக்கினால் கவர் உட்காரும் முகத்தையும் அதே அளவு இறக்க வேண்டும். இல்லையென்றால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் குறையும். கிளட்ச் எரிந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன், எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. மூன்றாவது குறைதான் கவலைக்குரியது. பள்ளத்தின் அடிமூலையைக் கூர்மையாக விட்டிருந்தார்கள். வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் பலவீனமானது. சுழலும்போது எழும் தகைவு வேகத்தின் வர்க்கத்தில் கூடுவது. விரிசல் தொடங்குவதற்குக் கூர்மூலையைவிட வசதியான இடம் கிடையாது. இந்த ஜீப்பில் பிளைவீலுக்கு மேலேதான் ஓட்டுநரின் பாதங்கள் இருக்கின்றன.

வெட்டிய இரும்பை ஒட்டிச் சேர்க்க முடியாது. வெல்டிங் வைத்து எடை ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னதை உடனே தள்ளிவிட்டோம். சூட்டில் கோணிப்போகும் வார்ப்பிரும்பை நம்பி அதன்மேல் காலை வைத்துக்கொண்டு ஓட்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரும்புக் கடையில் கிடைத்த அசல் வட்டையே பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. அதன் முகத்தில் சூட்டினால் ஏற்பட்ட மெல்லிய கீறல்கள் இருந்தன. நாகர்கோவிலில் வேறொரு பட்டறையில், நான் கூடவே நின்று, இரண்டு முகங்களையும் சம அளவில், கீறல் மறையும் வரை மட்டும் எடுக்கச் செய்தேன். ரிங் கியரின் பற்கள் இரண்டு இடங்களில் தேய்ந்திருந்ததால் அதைச் சூடாக்கிக் கழற்றி, திருப்பி மாட்டினார்கள். கிளட்ச் கவரையும் சேர்த்து மாட்டிய நிலையில் பேலன்ஸ் செய்து, இரண்டுக்கும் பொதுவாக ஓர் உளிக்குறி இட்டோம். கிராங்கில் பூட்டிய பின் டயல் கேஜ் வைத்து முகம் ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்த்தபோது முதல் முறை ஆடியது. கிராங்க் முகத்தில் ஒட்டியிருந்த பழைய துருப்பொருக்கு ஒன்றைச் சுரண்டிய பிறகு சரியாயிற்று.

மாற்றிய பின்

கார்புரேட்டரைத் தொடவே இல்லை. ஐடிலிங் திருகை இறக்கிக்கொண்டே வந்தோம். 600 சுற்று அளவில் எஞ்சின் அசையாமல் நின்றது. வெட்டிய பிளைவீலோடு 850க்குக் கீழே அது நின்றதே இல்லை. தோட்டத்துத் திருப்பத்தில், ஹை முதல் கியரில், பின்னால் ஷீட்டுக் கட்டுகளும் இரண்டு ஆட்களுமாக ஐந்து முறை நிறுத்தி எடுத்தோம். ஐந்து முறையும் அணையாமல், சக்கரமும் வழுக்காமல் ஏறியது. மூன்றாம் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60 வரை எழும் நேரத்தைக் கைக்கடிகாரத்தால் வெட்டிய வட்டோடும் அசல் வட்டோடும் பார்த்திருந்தோம். கைவிரல் தாமதத்துக்குள் அடங்கிவிடும் வித்தியாசமே தெரிந்தது. முதல் கியரின் சீற்றம் மட்டும் போய்விட்டது. அதற்காக உரிமையாளர் இரண்டு நாள் வருத்தப்பட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இன்னும் தீராத ஒன்று உண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது டிரான்ஸ்பர் கேஸிலிருந்து ஒரு கடகடப்பு வருகிறது. எஞ்சினின் துடிப்பு மிகும்போது பின்னால் உள்ள கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதால், பிளைவீலை மாற்றினால் இதுவும் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இடைநிலைக் கியரின் ஷாப்டு தேய்ந்திருக்க வேண்டும், இந்த வகை டிரான்ஸ்பர் கேஸில் முதலில் தேய்வது அதுதான். மழை ஓய்ந்து, வண்டிக்கு வேலை குறையும் மாதத்தில் அதை இறக்கிப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.